பல் இடுக்கில் ஒரு நூல்



பனியன் ஊர்க்காரனுக்கும் பல் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கதையே ஒரு ஜவுளி வியாபாரியிடம்தான் ஆரம்பிக்கிறது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹுக், 1683-இல் தன் பல்லில் சுரண்டிய வெள்ளை மாவை, தானே செய்த லென்ஸில் பார்த்தார். அட, உள்ளே உயிர்கள் நெளிந்தன! வினிகரால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். மேலாக இருந்தவைதான் செத்தன. உள்ளே இருந்தவை தப்பிவிட்டன. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல, கிருமிகள் பிசின் ஒன்றைச் சுரந்து அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. பயோஃபிலிம் என்பது இதுதான்.

குளோர்ஹெக்சிடின் கரைசலால் கொப்பளித்தால் இந்தப் படலம் படியாது என்று 1970-இல் லோ, ஷியாட் இருவரும் காட்டினார்கள். ஆனால் நோய் முற்றி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் விழுந்துவிட்டால் கொப்பளிப்பது அங்கே எட்டாது. உள்ளேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பொருள் வேண்டும்.

அதற்கு முதலில் கை கொடுத்தது நூல்தான்! 1979-இல் அமெரிக்காவில் குட்சன் குழுவினர் உள்ளீடற்ற இழையில் டெட்ராசைக்ளினை நிரப்பிப் பள்ளத்தில் வைத்தார்கள். அந்த வழியில் வந்த ஆக்டிசைட் நூலுக்கு 1994-இல் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் பத்து நாள் கழித்து டாக்டரிடம் மறுபடி போய் அதை எடுக்க வேண்டியிருந்தது. 1998-இல் அனுமதி பெற்ற பெரியோசிப், ஜெலட்டின் வில்லை, தானே கரைந்துவிடும்.

நம் சென்னையின் யூகேர் நிறுவனம் நன்னீர் மீன் கொலாஜனில் இதேபோன்ற வில்லையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அளவு 4×5 மி.மீ., எடை 10 மி.கி., அதில் மருந்து 2.5 மி.கி. முதல் நாளில் 40–45 சதவீதம் வெளியேறும். மீதி சுமார் ஒரு வாரத்தில்.

டிரைக்ளோசானின் கதை வேறு. அது கலந்த கோல்கேட் டோட்டல் பற்பசைக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி. 2016-இல் அதே மருந்தைக் கை கழுவும் சோப்புகளில் தடை செய்தார்கள். 2019-இல் பற்பசையிலிருந்தும் கம்பெனியே எடுத்துவிட்டது. கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது. கொன்ற மருந்து பிறகு எங்கே போகிறது என்பதும் கணக்கு.

இந்தக் கணக்கை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் இது. கிருமிநாசினி ஃபினிஷ் போட்ட பனியனிலும் கேள்வி அதேதான்: துவைக்கத் துவைக்க மருந்து கழன்றால் அது போய்ச் சேருவது ஆற்றில்தானே?

இழையில் மருந்தைப் பிடித்து வைப்பதும், வேண்டிய வேகத்தில் விடுவதும் சாயம் ஏற்றுகிற வேலைக்குப் பக்கத்து வீடு. கோவை சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே தனி மையம் இருக்கிறது. தம்பி தங்கைகளே, ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? ஒருதரம் அங்கே போய்ப் பாருங்கள்.