ஓரணாச் சிற்றுண்டியும் பள்ளிக் குழுக்களும்

சென்னையின் தொடக்கப் பள்ளிகள் தம் காரியங்களை எந்த அளவுக்குத் தாமே முடிவு செய்தன என்பதை அறிய, அவற்றை நிறுவியவர் யார் என்பதோடு, செலவுக்கு ஒப்புதல் அளித்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அக்காலத்தில் பஞ்சமர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1894இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாறில் தொடங்கிய இலவசப் பள்ளியும், பின்னர் மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரால் எழுந்த பள்ளியும் நன்கொடையால் நடந்தமையால், அவற்றின் போக்கை நிறுவியவர்களே வகுத்தனர்.

மாநகராட்சிப் பள்ளிகளின் நிலை வேறு. ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்று மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் முன்வைத்த யோசனையை, மாநகராட்சி மன்றம் 1920 செப்டம்பர் 16 அன்று ஏற்றது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால், ஒரு ரூபாயில் குறைந்தது பதினாறு பிள்ளைகள் பசியாறினர். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தபின், 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924–25இல் 1,671 ஆயிற்று. ஆயினும் தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஏற்க மறுத்ததால், 1925 ஏப்ரல் 1 முதல் அத்திட்டம் நின்று, பின்னரே மீண்டது. தியாகராயரின் பெயரைத் தாங்கிய தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் தொடங்கிய சிற்றுண்டி கணக்கு விதியொன்றில் சிக்கி நின்றது.

இவ்வாறு நிறுவியவர்களும் மாநகராட்சியும் அரசும் முடிவெடுத்த பள்ளிகளில், பெற்றோரை நிர்வாகத்துக்குள் சட்டப்படி கொண்டுவந்தது, 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அது வகுத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்; பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது எனக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகள். தலைமையாசிரியரும் பெற்றோரும் ஒரே தீர்மானத்தில் கையொப்பமிடுவதால், ஒத்துழைப்பு என்பது அங்கே பதிவேட்டில் எழுதப்படும் நடைமுறையாகிறது. எனினும், தனியார் நிர்வாகம் நடத்தி அரசு ஊதிய மானியம் பெறும் உதவிபெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. இதனால் பழைய உதவிபெறும் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் அடுத்தடுத்து அமைந்த மயிலாப்பூர் போன்ற பகுதியில், ஒரே தெருவைச் சேர்ந்த இரு தாய்மாரில் ஒருவர் பள்ளியின் செலவைத் தட்டிக்கேட்கவும், மற்றவர் கருத்தைச் சொல்லிவிட்டு அமரவும் நேர்கிறது.