மின்னணு இசையில் வணிக வெற்றி மீதான இளக்காரம்

மின்னணு நடன இசை ரசிகர்களிடையே, பெருவெற்றி பெற்ற கலைஞர்களைத் தரம் தாழ்ந்தவர்களாகக் கருதும் போக்கு. 1990களின் பிரிட்டன் இதற்குத் தெளிவான களம். குழந்தைகளுக்கான பாதுகாப்புப் பிரசாரப் படத்தின் குரலை எடுத்தாண்ட தி பிராடிஜி குழுவின் ‘சார்லி’, 1991இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. அதே பாணியில் பல பாடல்கள் கிளம்பின. 1992இல் மிக்ஸ்மேக் இதழ், ரேவ் இசையைச் ‘சார்லி’ கொன்றுவிட்டதா என்று அட்டையிலேயே கேட்டது. சமூகவியலாளர் சாரா தார்ன்டன் 1995இல் வெளியிட்ட ‘கிளப் கல்ச்சர்ஸ்’ இந்த மனநிலையின் வேரைத் தொடுகிறது: பிறர் அறியாததை அறிந்திருப்பதே இங்கு மூலதனம். பாடல் எல்லோர் காதுக்கும் எட்டியதும் அந்த மூலதனம் கரைகிறது. பெயர் அச்சிடாத வெள்ளை லேபிள் இசைத்தட்டுகளுக்கு இருந்த மவுசுக்கும் இது ஒரு காரணம்.

வெற்றி இசையை நீர்க்கச் செய்கிறது என்பது ரசிகர்களின் வாதம். போலிகள் பெருகியது உண்மைதான். அதற்கு மூலப் பாடலைத் தண்டிப்பது முறையல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த டெக்னோ இசையின் முன்னோடிகளுள் ஒருவரான கெவின் சாண்டர்சன், இன்னர் சிட்டி குழுவில் உருவாக்கிய ‘பிக் ஃபன்’, ‘குட் லைஃப்’ இரண்டுமே பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. தூய்மையின் ஊற்றாகப் போற்றப்படும் நகரமே வெற்றிப் பாடல்களையும் தந்திருக்கிறது. வலுவான மறுப்பு வேறொன்று உண்டு: கறுப்பினக் கலைஞர்களின் உழைப்பில் பெருநிறுவனங்கள் கொழித்தன என்பது. டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழு அவற்றை எதிர்த்துத் தனித்து நின்றதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் அது உரிமையையும் ஊதியத்தையும் பற்றிய போராட்டம். பிரபலமான பாடலை விரும்பிக் கேட்பவரை மட்டம்தட்ட அதைக் கடன்வாங்க யாருக்கும் உரிமையில்லை.