இடாப்பில் புதிய பெயர்கள்

1990களில் எம்மோடு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தவணையின் நடுவே ஒரு காலையில் வகுப்பில் நாலைந்து புதிய முகங்கள் இருக்கும். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள். விடுகைப் பத்திரமும் இல்லை, சீருடையும் இல்லை. ஆசிரியை இடாப்பின் அடியில் அவர்களது பெயர்களை எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடருவார். பிரான்சின் லு ஷம்போன் கிராமத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த இடாப்புத்தான் ஞாபகம் வந்தது.

லு ஷம்போன் தென்மத்திய பிரான்சின் குளிர்ந்த பீடபூமியில் உள்ள ஊர். கத்தோலிக்கர் பெரும்பான்மையான நாட்டில் இவ்வூரார் புரட்டஸ்தாந்தினர். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களது வழிபாட்டைத் தடைசெய்தபின், முன்னோர் ஒளித்தே ஜெபித்து வந்தனர். அந்தக் கதைகள் வீடுகளில் மறக்கப்படவில்லை.

1938இல் போதகர் அந்திரே த்ரொக்மேயும் எதுவார் தெயிசும் அங்கே ஆண், பெண் இருபாலாருக்குமாக ஓர் இடைநிலைப் பாடசாலையைத் தொடங்கினர். முதலில் 18 பிள்ளைகள். சொந்தக் கட்டடம் கிடையாது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. விஷி அரசு யூதர்களைக் கற்பிக்கும் தொழிலிலிருந்து நீக்கியது. அப்படி வேலை இழந்தவர்களில் சிலர் இங்கே வந்து ஆசிரியர்களானார்கள். நல்ல ஆசிரியர்களை இவ்வளவு சுலபமாகப் பெற்ற பாடசாலை வேறு இருந்திராது!

அந்த முதற் குளிர்காலத்தில் ஒரு ஜேர்மன் யூதப் பெண் பனியில் நனைந்து போதகரின் வீட்டுக் கதவைத் தட்டினார். போதகரின் மனைவி மக்டா, அதே பாடசாலையில் இத்தாலிய மொழி கற்பித்தவர், உள்ளே அழைத்துச் சாப்பாடு கொடுத்தார். உதவி கேட்டு மேயரிடம் போனபோது, அவளை அனுப்பிவிடும்படி சொல்லப்பட்டது. ஊரில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள் என்று எழுதுவது அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையல்ல.

தென் பிரான்சின் தடுப்பு முகாம்களிலிருந்து பிள்ளைகளை வெளியே எடுக்கக் குவேக்கர் சபையினரால் முடிந்தது. வைத்திருக்கத்தான் இடம் தேவைப்பட்டது. ஊரின் விடுதிகளும் பண்ணை வீடுகளும் அந்த இடமாயின. வந்தவர்களில் பலர் வேறு பெயர்களில் படித்தார்கள். போர் முடியும் தறுவாயில் அந்த 18 பேர், சுமார் 350 பேராகியிருந்தனர்.

1942 ஓகஸ்ட் 10இல் விஷி அரசின் இளைஞர் விவகாரப் பொறுப்பாளர் ஊருக்கு வந்தார். மூத்த மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஜூலையில் பாரிசில் யூதர்களை வளைத்துப் பிடித்ததைக் கண்டித்து, தங்களிடையேயும் யூதர் இருக்கிறார்கள், தாங்கள் வேறுபாடு பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார்கள். துணிச்சல்தான், ஒரு தாயாக வாசிக்கையில் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அதே மாதம் பொலிஸார் பஸ் வண்டிகளோடு வந்து பெயர்ப்பட்டியல் கேட்டனர். த்ரொக்மே கொடுக்கவில்லை. பிள்ளைகள் காட்டுக்குள்ளும் தூரத்துப் பண்ணைகளுக்கும் போய்விட்டார்கள். வண்டிகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின.

எப்போதும் அப்படி முடியவில்லை. 1943 ஜூன் 29இல் கெஸ்டாப்போ ஒரு மாணவர் விடுதியைச் சுற்றி வளைத்தது. அதன் பொறுப்பாளர் டானியல் த்ரொக்மே, போதகரின் உறவினர், தப்பியோட மறுத்துத் தம் மாணவர்களுடன் கைதானார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் வைத்தியர் ரொஜே லு ஃபொரெஸ்தியே முன்பு ஆபிரிக்காவில் அல்பேர்ட் சுவைற்சரின் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1944 ஓகஸ்டில், சிறைப்பட்ட இளைஞர் இருவருக்கு உதவப் போனபோது பிடிபட்டு, 20ஆம் திகதி லியோன் நகருக்கு அருகே ஏனைய கைதிகளோடு சுட்டுக் கொல்லப்பட்டார். லு ஷம்போனுக்கு விடுதலை வரச் சில நாட்களே இருந்தன.

இன்னொருவர் ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி. மருத்துவம் படிக்க விரும்பியவர். யூதர் என்பதால் வழி அடைபட்டது. பதினெட்டு வயதிலேயே இந்தப் பீடபூமியில் ஒரு பண்ணையில் ஒளிந்திருந்து, மற்றவர்களுக்குப் போலி அடையாள அட்டைகள் தயாரித்தார். முத்திரைகளையும் தாள்களையும் தேனீப் பெட்டிகளுக்குள் மறைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அவர் தன் சொந்தப் பெயரிலேயே மருத்துவம் படித்து, பிரான்சில் வைத்தியராகக் கடமையாற்றினார்.