மந்த காலமும் கடன்பட்டோர்க்கான அவகாசமும்

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் 1930களில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. உண்பதற்கு வரகும் சோளமும், விற்பதற்கு நிலக்கடலையும் பருத்தியும் விளைந்தன. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த செய்தி இவ்வூர்களில் எத்தனை பேரை எட்டியிருக்கும்? ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் மாகாணமெங்கும் விளைபொருள்களின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. கடன் பத்திரத்தில் எழுதிய ரூபாய் மட்டும் குறையவில்லை. ஒரு மூட்டை விற்று அடைக்கவிருந்த கடனுக்கு இப்போது இரண்டு மூட்டை வேண்டியிருந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டபின் தங்கத்தின் விலை உயரவே, குடும்பங்களின் நகைகள் விலையாகிக் கப்பலேறின.

இத்தகைய காலங்களில் மிம்பர்களில் மிகுதியும் ஒலிப்பது ஸப்ரைப் பற்றிய உபதேசம். அது தேவையானதே. ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கடன் கொடுத்தவனை நோக்கியே பேசுகிறது. நெருக்கடியில் இருப்பவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்கப் பணித்து, கடனை விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்கிறது. பொறுமையை நாம் ஏழையின் பங்காகவே வைத்துவிட்டோம்! 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் பஞ்சத்தைப் பற்றி எழுதிய அல்மக்ரீஸியும் விதியைச் சொல்லி அமையவில்லை. விலைக்குப் போன பதவிகளையும், உயர்ந்த நிலக்குத்தகையையும், பெருகிய செப்புக் காசையும் காரணமாகக் காட்டினார்.

1935இல் சத்தியநாதன் அறிக்கை சென்னை மாகாண விவசாயிகளின் கடனைச் சுமார் 200 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. மனமுவந்து அளிக்கப்படாத அவகாசத்தை 1938இல் ராஜாஜி அமைச்சரவையின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கட்டாயமாக்கியது. 1932 அக்டோபர் 1க்கு முந்திய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையாயிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியவர்க்கு அசலும் தீர்ந்தது.

ஆனால் ஒத்தி தப்பியது. கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் கையில் வைத்து விளைச்சலை அனுபவிப்பார். வட்டி விகிதம் பத்திரத்தில் இராது. அத்தகைய ஒத்திக்குச் சட்டம் விலக்களித்தது. கடனுக்கு ஈடாக நிபந்தனையிட்டுப் பெறும் பலன் வட்டியே என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ரஹ்ன் (அடைமானம்) பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும். வட்டி என்னும் சொல்லுக்கே கூசும் நம்மவரில் பலர் ஒத்திக்குக் கூசுவதில்லை. சுவாதீன ஒத்திக்கும் நிவாரணம் தரும் திருத்தம் 1948இல்தான் வந்தது. அதற்குள் பத்து ஆண்டுகளின் அறுவடை கைமாறியிருந்தது.