தமிழ் மின்னூலக வலைவாசல்கள்: பட்டியலும் தேடலும்

தமிழ் நூல்களை இணையத்தில் திரட்டும் பணி கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களை இலவசமாக வழங்கியது. 2005-இல் தோன்றிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தி வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய அச்சு நூல்களின் பக்கப் படிமங்களைத் தருகிறது. திரட்டு பெருகப் பெருக, வேண்டிய நூலைக் கண்டடைவதே கடினமாகிறது. ஆகவே ஒரு வலைவாசலின் தகுதியை அதன் பட்டியலையும் தேடலையும் கொண்டே மதிப்பிட வேண்டும்.

நூல் விவரங்களைப் பதிவதற்கு டப்ளின் கோர் போன்ற பன்னாட்டுத் தரங்கள் உள்ளன. அதன் அடிப்படை வடிவம் தலைப்பு, ஆக்கியோர், தேதி, உரிமை முதலிய 15 கூறுகளைக் கொண்டது. இக்கூறுகளைத் தமிழ் நூல்களுக்கு நிரப்பும்போது தனிச் சிக்கல்கள் எழுகின்றன. புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம், ரசமட்டம் ஆகிய மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன. இவற்றை இணைக்கும் பெயர்த் தரப்பட்டியல் இல்லையேல் ஒரே ஆசிரியரின் எழுத்துகள் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும். ஆண்டுக் குறிப்பும் அத்தகையதே. பழைய நூலின் முகப்பில் ‘பிரபவ’ என்னும் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அது 1867-ஐயும் குறிக்கலாம், 1927-ஐயும் குறிக்கலாம். அச்சகம், பதிப்பாளர், முன்னுரை ஆகியவற்றைக் கொண்டு ஆண்டை உறுதிசெய்வது பட்டியலாளரின் பொறுப்பு. முகப்பில் உள்ளதையும் ஊகித்ததையும் அவர் தனித்தனியே பதிய வேண்டும்.

தேடலிலும் தமிழின் இயல்பு கருதப்பட வேண்டும். ‘நூலகம்’ என்று தேடுபவருக்கு ‘நூலகத்தில்’, ‘நூலகங்களை’ என வேற்றுமை ஏற்ற வடிவங்களும் கிடைத்தாக வேண்டும். ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவ்விரண்டையும் ஒரே வடிவாக்கும் இயல்பாக்கத்தைச் செய்யாத தேடுபொறியோ அவற்றை வேறு சொற்களாகக் கொள்ளும். டிஸ்கி முதலிய பழைய குறியாக்கங்களிலுள்ள கோப்புகளையும் ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி அவை தேடலில் அகப்படா.

பக்கப் படிமம், எழுத்துப் பாடம் இரண்டுமே தேவை. படிமம் பதிப்பின் சான்று. பாட வேறுபாட்டை ஆராய்பவருக்கு அதுவே ஆதாரம். எழுத்துப் பாடம் தேடலுக்கு இடம் தருகிறது. பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியே படிக்கவும் உதவுகிறது. ணை, லை, னா போன்றவற்றின், 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவங்களை எழுத்துணரி மென்பொருள் பிழையாகப் படிக்கக்கூடும். எனவே மெய்ப்புப் பார்க்கப்பட்ட பாடம் எது, மென்பொருள் தந்தபடியே உள்ளது எது என்பதை வலைவாசல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரு வடிவங்களையும் பக்க எண்ணால் இணைத்தால் மேற்கோளைச் சரிபார்ப்பது எளிதாகும்.

ஒவ்வொரு நூலுக்கும் உரிமை நிலை குறிக்கப்படுவது இன்றியமையாதது. பொதுவாக ஆசிரியர் மறைவுக்குப்பின் இந்தியாவில் 60 ஆண்டுகளும் இலங்கையில் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்ட படைப்புகள் இக்கால எல்லைக்கு முன்பே பொதுப் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அதனால் ஒரே தலைமுறை எழுத்தாளர்களின் நூல்களுக்குக்கூட வெவ்வேறு நிலை அமைகிறது.

இறுதித் தேவை நிலைபேறு. இணைய முகவரி மாறினால் ஆய்வேடுகளில் காட்டிய மேற்கோள்கள் பயனற்றுப்போகும். ஆகையால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத அடையாள எண் வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அழிந்தன. ஒரே வழங்கியில் மட்டும் வைக்கப்படும் மின்படிகளுக்கும் அழிவு நேரலாம். நிறுவனங்கள் தம் பட்டியல்களைப் பொதுத் தரத்தில் பகிர்ந்து, கோப்புகளின் படிகளை வெவ்வேறு ஊர்களில் காப்பது இவ்விழப்பைத் தடுக்கும். ஒரு நூலை இருவர் தனித்தனியே மின்னுருவாக்கும் வீண்செலவும் குறையும். அவ்வாறு மிஞ்சும் உழைப்பைப் பட்டியலைத் திருத்துவதற்கும் பாடத்தை மெய்ப்புப் பார்ப்பதற்கும் செலவிடுவதே தமிழ் ஆய்வுக்கு இன்று மிகுந்த பயன் தரும்.