மெய்நிகர் அறையில் வெள்ளோட்டம்: பயன்பாட்டுச் சோதனை வளர்ந்த வரலாறு

அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில், வட கரோலினா பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையின் சிட்டர்சன் ஹால் 1987இல் திறக்கப்பட்டது. அதன் முன்கூடத்தில் ஒரு தடுப்புச் சுவர், முதல் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இல்லை. பேராசிரியர் ஃபிரெடரிக் புரூக்ஸின் குழு, கட்டுவதற்கு முன்பே வரைபடத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக்கி அதற்குள் உலாவிப் பார்த்திருந்தது. கூடம் நெருக்கடியாக இருக்கும் என்று அங்கே வேலை பார்க்கப்போகிறவர்கள் சொன்னதைக் கட்டடக் கலைஞர்கள் முதலில் ஏற்கவில்லை. மாதிரிக்குள் அவர்களும் உலாவிப் பார்த்த பிறகு சுவர் நகர்ந்தது.

மெய்நிகர் தொழில்நுட்பம் என்றதும் விளையாட்டும் விமானிப் பயிற்சியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பொருள் வடிவமைப்பில் அதன் பங்கு வேறு. பொருள் உருவாகும் முன்பே அதைப் பயன்படுத்தப்போகிறவரின் கருத்து வடிவமைப்பாளரை எட்ட அது வழி செய்தது. இடம் போதுமா, கண்ணுக்குத் தெரிகிறதா, கைக்கு எட்டுகிறதா என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே இந்த வளர்ச்சி நடந்திருக்கிறது.

அதற்கு முன் இந்தக் கேள்விகளுக்கு மரமும் தகரமும்தான் விடை சொல்லின. 1950களில் போயிங் 707 விமானத்துக்காக வால்டர் டோர்வின் டீக் என்பவரின் வடிவமைப்பு நிறுவனம் நியூயார்க்கில் பயணிகள் அறையை முழு அளவில் கட்டி, ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தது. பிழை தெரிந்தால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். 1968இல் ஐவன் சதர்லாந்து தலையில் மாட்டும் திரையை உருவாக்கினார். கூரையோடு பிணைத்திருந்த அந்தக் கருவி காட்டியதெல்லாம் வெறும் கோட்டுருவங்கள்.

கடைக்கு வந்த வாடிக்கையாளர் கையில் இந்தத் தொழில்நுட்பம் சேர்ந்தது ஜப்பானில். 1990களின் தொடக்கத்தில் மட்சுஷிடா எலெக்ட்ரிக் வொர்க்ஸ் நிறுவனம், டோக்கியோ காட்சிக்கூடத்தில் மெய்நிகர் சமையலறையை அமைத்தது. தலைக்கவசமும் உணரிக் கையுறையும் அணிந்தவர், தன் வீட்டுக்கு வரவிருக்கும் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். படம் மங்கல், ஆனால் கை எட்டாத தட்டை ஆர்டர் கொடுக்கும் முன்பே மாற்றச் சொல்ல முடிந்தது.

தொழிற்சாலைக்கான பெரிய திருப்பம் 1992இல் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் கரோலினா குரூஸ்-நெய்ரா, டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபான்டி மூவரும் 'கேவ்' என்ற அறையை அறிமுகப்படுத்தினர். சுவர்களும் தரையுமே திரைகள். உள்ளே நிற்பவர் தலையைத் திருப்பினால், அவர் பார்வைக்கு ஏற்பக் காட்சியும் மாறும்.

கட்டுமான இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் இதை உடனே பற்றிக்கொண்டது. வீல் லோடரும், நம் ஊரில் எந்த நிறுவனம் செய்தாலும் 'ஜேசிபி' ஆகிவிடும் பேக்ஹோ லோடரும் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் இயந்திரங்கள். பக்கெட்டின் ஓரம் தெரிகிறதா, பின்னால் ஆள் நின்றால் தெரியுமா என்பதை அறிய, முன்பு முழு இயந்திரத்தையே செய்து பார்க்க வேண்டியிருந்தது. கேவ் அறைக்குள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்ப, சுற்றிலும் இயந்திரம் படமாகச் சூழ்ந்தது. பார்வையை மறைக்கும் பாகத்தைக் கணினியிலேயே திருத்திவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லலாம்.

இந்த வசதி நெடுங்காலம் பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியானது. நிலைமை மாறத் தொடங்கியது 2012இல்; ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற தலையில் மாட்டும் திரைக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 2016இல் அதுவும், எச்.டி.சி. வைவ் என்ற அதே வகைத் திரையும் கடைக்கு வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் அறைகலன் நிறுவனமான ஐகியா மெய்நிகர் சமையலறை ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. குழந்தையின் உயரத்திலிருந்தும் நெடிய ஆளின் உயரத்திலிருந்தும் அதைப் பார்க்க முடிந்தது. 2019இல் வந்த வைவ் புரோ ஐ, கண் எங்கே நிலைக்கிறது என்பதையும் பதிவு செய்தது. சோதனைக்கு வந்தவர் வாயால் சொல்லாத தயக்கமும் தரவானது.

ஆனால் இந்தச் சோதனையை அப்படியே நம்பிவிட முடியாது. தலையில் மாட்டும் திரையில் மக்கள் தூரத்தை உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிடுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. சிலருக்குக் குமட்டல் வரும். அப்போது சோதிக்கப்படுவது பொருளா, கருவியா என்பதே குழம்பிவிடும். திருகின் இறுக்கம், பிடியின் வழுக்கல், பாத்திரத்தின் கனம் ஆகியவற்றை வெறும் படம் சொல்லாது. அதனால்தான் கார் நிறுவனங்கள் நிஜ இருக்கை, நிஜ ஸ்டீயரிங் கொண்ட சட்டகத்தில் ஆளை உட்கார வைத்து, கை படாத பகுதிகளை மட்டும் ஹெட்செட்டில் காட்டுகின்றன.