அவ்வை இல்லம்: ஒரு கோயில் வரலாறும் நம்ம கடமையும்



நவராத்திரி வேலைகள் தொடங்கியாச்சு. ஒன்பது நாள் உபயமும் எழுதியாச்சு. இந்த நேரத்தில் கோயிலோடு நேரடித் தொடர்புள்ள ஒரு வரலாற்றை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

தமிழ்நாட்டுக் கோயில்களில் ஒரு காலத்தில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டி தெய்வத்துக்கு அர்ப்பணிக்கும் வழக்கம் இருந்தது. ஆடலையும் பாடலையும் தலைமுறை தலைமுறையா காப்பாற்றியவர்கள் அந்தப் பெண்கள். அதை மறக்கக்கூடாது. ஆனால் ஊரறிந்த கல்யாணம் அவர்களுக்குக் கிடையாது. காலம் மாற மாற, பல பெண்கள் வசதி படைத்தவர்களின் தயவில் வாழ வேண்டிய நிலை. மகளுக்கும் அதே பாதைதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாள் அந்த மரபில் வந்தவர். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு சென்னைச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கேதான் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தக் குரல் கொடுத்தார்.

எதிர்ப்பு பெரிய மனிதர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. அந்தப் பெண்களே பலர் எதிர்த்து மனு கொடுத்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கோயில் ஊழியத்துக்காகக் கிடைத்த மானிய நிலம் போய்விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? தெரிந்த கலையையும் விட்டுவிட்டால் கையில் என்ன மிச்சம்?

1929-இல் வந்த சட்டத் திருத்தம் அந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொன்னது. ஊழியத்தை விட்டாலும் மானிய நிலம் அந்தப் பெண்களிடமே இருக்க வழி செய்தது. ஆனால் நிலமே இல்லாத சின்னப் பெண்கள்?

1930-இல் அப்படிப்பட்ட சில பிள்ளைகள் அடைக்கலம் தேடி டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. டாக்டரம்மா தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். ஆதரவற்ற மற்ற பெண்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். சோறும் துணியும் போட்டதோடு அவர் நிறுத்தவில்லை. படிப்பும் தொழிலும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அங்கே வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியைகளாகவும் தாதிகளாகவும் வெளியே போனார்கள். பொட்டுக்கட்டுவதை முழுசா தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. அதற்கு 17 வருஷம் முன்னாலேயே இல்லம் வேலையைத் தொடங்கிவிட்டது. அடையாற்றில் இன்றைக்கும் நடக்கிறது.

இதை ஏன் மலேசியாவில் உட்கார்ந்து பேசுகிறோம்? நம்ம நாட்டுப் பெண்பிள்ளைகளின் கதை வேறு, அது நமக்குத் தெரியும். ஆனால் கேள்வி ஒன்றுதான். எஸ்.பி.எம். முடித்த பிள்ளை, அப்பா இல்லாத வீடு, கீழே இரண்டு தம்பி தங்கை. தீபாவளிக்கு நாம கொடுக்கிற அரிசி மூட்டை ஒரு மாசம் வரும். கையில் ஒரு தொழிலும் எஸ்.கே.எம். சான்றிதழும் இருந்தால் அந்தப் பிள்ளை வீட்டையே தாங்கும். தம்பி படிப்பும் நிற்காது.

அன்னதானம் வேண்டாம்னு நாங்கள் சொல்லவே மாட்டோம். உபயக்காரர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம். பூமாலைச் செலவில் கொஞ்சம் குறைத்து, ஒரு பிள்ளையின் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் ஒதுக்குங்கள். தையல், சமையல், கணக்குப் பதிவு எதுவானாலும் சரி. கற்றுக்கொடுக்கத் தெரிந்த அக்காமார்களும் முன்வாங்க. வார நாட்களில் கல்யாண மண்டபம் சும்மாதான் கிடக்கிறது.

உங்கள் தாமானில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெயரைப் பொதுவில் போட வேண்டாம். ஆலய அலுவலகத்தில் நேரில் வந்து சொல்லுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சரஸ்வதி பூஜை அன்றைக்குப் புத்தகத்தோடு ஒரு தையல் மிஷினுக்கும் பொட்டு வைப்போம். வாங்க.